'டிக்' சத்தம் கேட்டால் ரிலே நல்லதாகிவிடுமா?

ஊர் உறவுகளுக்கும், எங்கள் பழைய மாணவர்களுக்கும், கத்தாரிலும் சவூதியிலும் இருந்து இதை வாசிக்கும் தம்பிமாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களிடம் சில இளைஞர்கள் ஒரு சாமானைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். தீப்பெட்டி அளவில் ஓர் உலோகப் பெட்டி. ஒரு பக்கத்தில் பொன்னிறத்தில் மூன்று திருகு முனைகள், மறுபக்கத்தில் இரண்டோ மூன்றோ சின்னக் கம்பிக் கால்கள். இணையத்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் வாங்கியது. "சேர், பற்றரியில் பிடித்தேன், டிக் என்று சத்தம் வந்தது. அப்ப நல்லதுதானே?" என்பதுதான் கேள்வி.

இது மைக்ரோவேவ் ரிலே. பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரில் அநேகருக்குக் குசினியில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்புத்தான் நினைவுக்கு வரும். அந்த அடுப்புக்குள்ளும் ரிலே இருக்கிறது, ஆனால் அது வேறு. அதைப் பற்றிப் பிறகு ஓர் எச்சரிக்கை சொல்கிறோம். இந்த இளைஞர்கள் கொண்டுவருவது நுண்ணலைகளை, அதாவது கிகா ஹேர்ட்ஸ் கணக்கில் அதிரும் வானொலி அலைகளை, ஒரு கேபிளிலிருந்து இன்னொரு கேபிளுக்கு மாற்றிவிடும் ஆளி. தொலைத்தொடர்புக் கோபுரங்களிலும் விமானங்களிலும் சோதனைக் கருவிகளிலும் வேலை பார்த்து, கருவி மாற்றப்பட்டபோது கழற்றி விற்கப்பட்டவை. புதிதாக வாங்கினால் இவற்றில் சிலவற்றின் விலை ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தைத் தொடும். பழையது அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது.

ஏன் வாங்குகிறார்கள்? இவர்கள் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து, சொந்தமாக ஒரு நிலையம் அமைக்க விரும்புகிறார்கள். பொழுதுபோக்கு என்று சிரிக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தென்கரையில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் செய்தி போக வழி திறந்தவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும்தான். ஒரு சிற்றலைக் கருவி, ஒரு கார் பற்றரி, ஒரு கம்பி அன்ரனா. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் எத்தனையோ இடங்களில் கைபேசி வெறும் விளக்காக மட்டும் பயன்பட்டதை எல்லோரும் பார்த்தோம். கடலும் களப்பும் சூழ்ந்த தீவு எங்களுடையது. பாலத்தாலும் தாம்போதியாலும்தான் நாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இங்கே நாலு பேருக்கு வானொலி தெரிந்திருப்பது ஆடம்பரம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 நவம்பர் 15 அன்று கத்தார் நாட்டின் எஸ்ஹெய்ல்-2 செய்மதி ஏவப்பட்டது. பூமியோடு சேர்ந்து சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செய்மதிகளில், அமெச்சூர் வானொலிக்காரருக்கென்று கருவி வைத்துப் போன முதல் செய்மதி அது. கத்தாரின் அமெச்சூர் வானொலிச் சங்கமும் ஜேர்மனியின் அம்சாட் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை. 2.4 கிகா ஹேர்ட்ஸில் கீழிருந்து பேசினால் 10 கிகா ஹேர்ட்ஸில் மேலிருந்து திரும்பி வரும். மன்னாரில் நின்று கிப்லாவை நோக்கினால் அதற்குச் சற்று இடப்பக்கமாக, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 28 பாகை உயரத்தில் அந்தச் செய்மதி நிற்கிறது. கேட்பதற்குச் சாதாரண டிஷ், அதன் தலை, மலிவான யூஎஸ்பி வானொலிக் குச்சி, ஒரு கணினி போதும், ரிலேயே தேவையில்லை. மேலே அனுப்புவதும் கீழே வருவதும் வேறு வேறு அலைவரிசை என்பதால் அந்தச் செய்மதியோடு பேசுவதற்கும் ரிலே கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே அன்ரனாவில் பேசவும் கேட்கவும் வேண்டும் என்றாலோ, ஒரு கருவியை இரண்டு அன்ரனாக்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றாலோ ரிலே வேண்டும். தலைமன்னார்க் கரையில் சில இரவுகளில் கைபேசி தானாக இந்திய வலையமைப்பைக் காட்டுகிறதே, அதேபோல் கடலுக்கு மேலால் நுண்ணலை எவ்வளவு தூரம் போகிறது என்று தாங்களாகவே சோதித்துப் பார்க்க இவர்களுக்கு ஆசை. நல்ல ஆசை. (உரிமம் இல்லாமல் அனுப்புவது குற்றம். எந்த அலைவரிசைக்கு அனுமதி என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பும் பொத்தானைத் தொட வேண்டும். கேட்பதோடு தொடங்குங்கள்.)

ரிலே என்ற சொல்லுக்கும் இலங்கைக்கும் ஓர் உறவு உண்டு. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ள்ட்' சஞ்சிகையில், வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செய்மதிகளால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று ஒருவர் எழுதினார். கட்டுரையின் தலைப்பில் அவர் போட்ட சொல்லே 'ரிலே'தான், பூமிக்கு வெளியே உள்ள ரிலேக்கள் என்ற பொருளில். எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் மௌத்தாகும் வரை இங்கேதான் வாழ்ந்தார். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, டிக் சத்தத்துக்கு வருவோம்.

எங்கள் பதில்: சத்தம் வந்தது நல்ல செய்திதான், ஆனால் அது கால்வாசிப் பதில். சத்தம் வராமல் போனாலும் சாமான் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முழுப் பதில் அதன் சுருளுக்குள் ஓடும் மின்னோட்டத்தில் இருக்கிறது. அதை அளக்காமல் ரிலேயைக் கூரைமேல் ஏற்றுவது, சுரம் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது போன்றது.

ரிலேக்குள் என்ன நடக்கிறது? செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதில் மின்னோட்டம் போனால் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அந்தத் துண்டு தொடுகையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறது. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது தெரியும், படமும் கீறும், பெயரும் குறிக்கும். பரீட்சையில் புள்ளியும் வாங்கும். ஆனால் அதே பிள்ளையிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்து "இதற்கு எத்தனை வோல்ற்று?" என்று கேட்டால் முழிக்கும். பிள்ளையில் பிழையில்லை. நாங்கள் படத்தைக் கொடுத்தோமே தவிரப் பொருளைக் கையில் கொடுக்கவில்லை.

இழுப்பது வோல்ற்றளவு அல்ல, மின்னோட்டம். சுருளின் சுற்று எண்ணிக்கையை அதில் ஓடும் அம்பியரால் பெருக்கினால் வருவதுதான் இழுக்கும் பலத்தைத் தீர்மானிக்கிறது. வோல்ற்றளவு என்பது அந்த மின்னோட்டத்தை ஓட வைக்கும் தள்ளு மட்டும். இந்த ஒரு வரி மண்டையில் ஏறிவிட்டால் மற்ற எல்லாம் தானாக வரும்.

பழைய மைக்ரோவேவ் ரிலேக்களில் பெரும்பாலானவை 28 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. விமானங்களில் நேரோட்ட மின்சாரம் 28 வோல்ற்று என்பதால் வந்த வழக்கம். 12, 24 வோல்ற்று வகைகளும் உண்டு. பெட்டிமேல் எழுதியிருக்கும், ஆனால் பழைய சாமானில் எழுத்து அழிந்திருக்கும், அல்லது நிறுவனத்தின் பாக இலக்கம் மட்டும் இருக்கும். ஆகவே முதல் வேலை, பல்மானியை ஓமில் வைத்துச் சுருளின் தடையைப் பார்ப்பது. எடுத்துக்காட்டாக 280 ஓம் வந்தால், 28 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர் ஓடும், 2.8 வாற்று செலவாகும். இந்த அளவுப் பெட்டிக்கு இரண்டு மூன்று வாற்று என்பது நம்பக்கூடிய கணக்கு. அதே பெட்டியில் 60 ஓம் வந்தால்? 28 வோல்ற்றில் 467 மில்லி அம்பியர், 13 வாற்று. இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அது அடுப்பு! அப்படியென்றால் அது 12 வோல்ற்றுச் சுருளாக இருக்கலாம், 200 மில்லி அம்பியர், 2.4 வாற்று. அல்லது உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம். ஓமின் விதியை மனப்பாடம் செய்த எங்கள் பிள்ளை, அந்த விதியை வைத்து ஒரு விற்பனைக்காரரின் பொய்யைப் பிடிக்கும் இடம் இது.

மீற்றரின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பிடித்தும் பாருங்கள். வெறும் சுருள் இரு பக்கமும் ஒரே தடையைக் காட்டும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறு என்று காட்டினால் உள்ளே டயோட் இருக்கிறது. அப்படிப்பட்டதில் நேர், எதிர் மாறிக் கொடுத்தால் மின்னோட்டம் சுருளை விட்டுவிட்டு டயோட்டுக்குள்ளால் பாயும். கட்டுப்பாடில்லாத பற்றரியில் நேராகப் பிடித்துப் பார்க்கிற ஆட்கள் எரிப்பது முதலில் இதைத்தான்.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம், மின்னோட்ட எல்லை வைக்கக்கூடிய பவர் சப்ளை. எல்லையைக் கணக்குப்படி வர வேண்டியதைவிடச் சற்றுக் கூடவாக, இந்த உதாரணத்தில் 150 மில்லி அம்பியரில், வைத்துவிட்டு, வோல்ற்றளவைப் பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் டிக் என்று இழுக்கிறதோ அந்த வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் எழுதுங்கள். பிறகு மெதுவாகக் குறையுங்கள். எந்த இடத்தில் விடுகிறதோ அதையும் எழுதுங்கள்.

பிள்ளைகள் இங்கேதான் வியப்பார்கள். 18 வோல்ற்றில் இழுத்த ரிலே, குறைக்கும்போது 18இல் விடாது. பத்துக்கும் கீழே போன பிறகுதான் விடும். ஏன்? இழுக்கும் முன் இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தது. இழுத்து ஒட்டிய பிறகு அந்த இடைவெளி இல்லை, ஆகவே கொஞ்ச மின்னோட்டமே பிடித்து வைத்திருக்கப் போதும். கரைவலையைக் கரையேற்றும்போது முழுக்கையும் போட்டு இழுக்கிறோம். ஏற்றிய வலையைக் காவலிருக்க ஒரு சின்னப் பையன் போதும்.

இது படிப்புக்கு மட்டுமில்லை, காசுக்கும் உதவும். 28 வோல்ற்று ரிலேயை 12 வோல்ற்றுப் பற்றரியில் ஓட்ட முடியாதா என்று கேட்கிறார்கள். இழுக்கும் கணத்துக்கு மட்டும் ஒரு கொள்ளளவியை நிரப்பி அதைப் பற்றரியோடு தொடராகச் சேர்த்து ஏறக்குறைய இரட்டை வோல்ற்றளவு கொடுத்து, பிறகு 12இலேயே பிடித்து வைத்திருக்கலாம். வானொலிக்காரர் பலர் செய்கிற உபாயம். ஆனால் உங்கள் ரிலே 24க்குக் கீழ் நன்றாக இழுக்கிறது, 12க்கும் நன்றாகக் கீழேதான் விடுகிறது என்று அளந்து தெரிந்தவர் மட்டுமே அதைச் செய்யலாம். அளக்காதவருக்கு அது லொத்தர் சீட்டு.

இப்போது மன்னார் வெயிலுக்கு வாருங்கள். செப்பின் தடை ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். காலை வகுப்பறையில் 25 பாகையில் 280 ஓம் இருந்த சுருள், தகரக் கூரைமேல் மூடிய பெட்டிக்குள் 60 பாகையில் 318 ஓம் ஆகும். அதே 28 வோல்ற்றுக்கு 100 மில்லி அம்பியர் ஓடாது, 88தான் ஓடும். 18 வோல்ற்றில் இழுத்த ரிலேக்குத் தேவை 64 மில்லி அம்பியர், அதற்குக் கவலையில்லை. ஆனால் இன்னொரு ரிலே 25.5 வோல்ற்றில்தான் இழுத்தது என்று வையுங்கள். அதற்கு 91 மில்லி அம்பியர் வேண்டும். காலையில் மேசைமேல் அழகாக டிக் என்றது, பகல் ஒரு மணிக்குக் கூரைமேல் அசையாது. இரண்டும் காலையில் ஒரே சத்தம்தான் போட்டன. காதுக்கு வித்தியாசம் தெரியாது, மீற்றருக்குத் தெரியும். புயல் நாளில் பற்றரி இறங்கி வோல்ற்றளவும் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிட முடியாத நிலையம் யாருக்கு?

சத்தம் வராத ரிலேக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அநியாயமாகக் குப்பைக்குப் போகிறவை அவைதான். இந்த ரிலேக்களில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, மின்னோட்டம் இருக்கும் வரை ஒரு பக்கம் நின்று, நின்றதும் ஸ்பிறிங் இழுக்கப் பழைய பக்கத்துக்குத் திரும்பும் வகை. பெயில்சேஃப் என்பார்கள். மற்றது லாச்சிங், தங்கும் வகை. ஒரு கணம் மின்னோட்டம் கொடுத்தால் மாறிக்கொண்டு, பிறகு மின்னோட்டமே இல்லாமல் ஒரு நிலையான காந்தத்தின் பிடியில் அங்கேயே தங்கிவிடும். திருப்ப வேறொரு காலுக்குக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்கும் லாச்சிங் ரிலேக்கு அந்தப் பக்கத்துக்கே மின்சாரம் கொடுத்தால் சத்தம் வராது. கொண்டுவந்தவர் "செத்துப்போச்சு" என்பார். மற்றக் காலில் கொடுத்தால் டிக்!

லாச்சிங் சிலவற்றில் உள்ளேயே ஒரு வெட்டும் தொடுகை இருக்கும், மாறி முடிந்ததும் தன் சுருளைத் தானே துண்டித்துக்கொள்ளும். பவர் சப்ளையில் பார்த்தால் மின்னோட்டம் ஒரு கணம் எழுந்து பூச்சியமாகும். அது சுகமான ரிலே. பூச்சியத்தைப் பார்த்து அறுந்த சுருள் என்று முடிவெடுக்கக் கூடாது. அந்த வெட்டும் வசதி இல்லாத வகையில் மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. கணப்பொழுதுக்குச் செய்த சுருள் அது, சூடேறிக் கருகும். வேறு சிலவற்றில் உள்ளே சிறு இலத்திரனியல் சுற்றே இருக்கும், கட்டளைக் காலுக்கு 5 வோல்ற்றுக் குறி மட்டும் கொடுக்க வேண்டும். அதன் கால்களில் ஓம் மீற்றர் காட்டும் எண் சுருளின் எண்ணே அல்ல. பாக இலக்கத்தைத் தேடி நிறுவனத்தின் தாளை வாசிக்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

எது நல்லது, பெயில்சேஃபா லாச்சிங்கா என்று கேட்டால் எங்கள் அபிப்பிராயம், முதல் நிலையத்துக்குப் பெயில்சேஃப். லாச்சிங் பற்றரியை மிச்சம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் மின்சாரம் போய் வரும்போது அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. அனுப்பும் சக்தி முழுவதும் கேட்கும் கருவிக்குள் பாய்ந்தால் அதன் முன்முனை ஒரே நொடியில் போய்விடும். பெயில்சேஃபில் ஓய்வுப் பக்கத்தைக் கேட்கும் கருவிக்குக் கொடுத்துவிட்டால், மின்சாரம் இல்லாதபோது அன்ரனா எப்போதும் அங்கேதான் இருக்கும். அனுப்பும்போது மட்டும்தான் 2.8 வாற்றுச் செலவு. தாங்கலாம்.

மின்னோட்டத்தை நிறுத்தும்போதும் ஒரு விடயம் உண்டு. சுருள் தன் மின்னோட்டத்தை இலேசில் விடாது, நிறுத்திய கணத்தில் எதிர்ப்பக்கமாக ஓர் உயர்ந்த வோல்ற்றளவு பாயும். அதை விழுங்க 1என்4007 போன்ற ஒரு டயோட்டைச் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் போடாவிட்டால் ஓட்டும் திரான்சிஸ்ரர் சாகும். போட்டால் ரிலே விடுவது சற்றுத் தாமதமாகும். ஆகவே ரிலே மாறி முடியும் வரை அனுப்பும் சக்தியைத் திறக்கக் கூடாது. சக்தி ஓடும்போது மாறினால் அந்த மெல்லிய தொடுகைகள் பொரிந்துபோகும்.

பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ அலைவுகாட்டி கிடைக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். சுருளோடு தொடராக 10 ஓம் தடையை வைத்து, மின்சாரத்தைக் கொடுத்த கணத்திலிருந்து அதன் குறுக்கே பாருங்கள். மின்னோட்டம் நேராக ஏறாது. ஏறிக்கொண்டே வந்து நடுவில் ஒரு சிறு பள்ளம் விழுந்து மறுபடி ஏறும். அந்தப் பள்ளம் இரும்பு நகர்ந்த கணம். நகரும் இரும்பே சுருளில் எதிர்த் தள்ளு ஒன்றைப் பிறப்பிக்கிறது. பள்ளம் இல்லையென்றால் இரும்பு நகரவில்லை. பெட்டியைத் திறக்காமலே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். பதினைந்து வருடம் படிப்பித்த பிறகும் அதைப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு சந்தோசம்.

அடுப்பைப் பற்றி எச்சரிக்கை என்றோமே. மைக்ரோவேவ் அடுப்பின் பலகையிலும் 12 அல்லது 24 வோல்ற்று ரிலேக்கள் இருக்கும், மேலே சொன்ன சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அந்த அடுப்பைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கொள்ளளவியில் இரண்டாயிரம் வோல்ற்றுக்கு மேல் ஏறும், செருகியைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லும். ஒரு சிறிய ரிலேக்காக யாருடைய பிள்ளையும் அதற்குள் கைவிடக் கூடாது. பழைய இரும்புக் கடைகளில் அடுப்பு உடைக்கும் தம்பிமாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி எங்கள் உண்மையான முறைப்பாடு. முறைப்பாடு எங்கள் மேலும் உங்கள் மேலும்தான், வேறு யார் மேலும் இல்லை.

மேலே சொன்ன எதற்கும் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மின்னோட்ட எல்லை வைக்கும் பவர் சப்ளை ஒன்று, பல்மானி இரண்டு, கொஞ்சத் தடைகள், டயோட்டுகள். அவ்வளவுதான். 1990 ஒக்டோபரில் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டிலில் படித்து, யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது எங்கள் பள்ளிக்கூடங்களில் சுவர்கூட ஒழுங்காக இருக்கவில்லை. அந்த நிலையிலிருந்து இன்றைக்குக் கட்டடங்கள் எழும்பியிருப்பது பழைய மாணவர்களின் வியர்வையாலும்தான். அதை மறக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்குப் பிறகு என்ன? வரவேற்பு வளைவு, மேடைக்கு மாபிள், பரிசளிப்புக்குப் பதாகை. விஞ்ஞான அறை அலுமாரியில் இருக்கும் பல்மானிகளில் பாதியின் உருகி போய்க் கிடக்கிறது. புது உருகி போட்டால் ஓடும். அம்பியரில் வைத்து நேராகப் பற்றரியில் பிடித்திருப்பார்கள், அதனால் போனது. தொடராக 10 ஓம் தடையை வைத்து அதன் குறுக்கே வோல்ற்றளவைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் உருகியும் போகாது, 1 வோல்ற்று என்றால் 100 மில்லி அம்பியர் என்று கணக்கும் வரும்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது 2013இல். அதற்குப் பிறகும் எங்கள் பகுதியில் செய்முறை என்றால் பல இடங்களில் கரும்பலகையில் படம் கீறுவதுதான். "எப்படியும் வெளிநாடு போகிற பிள்ளைதானே சேர், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் இருக்கிறார்கள். வெளிநாடு போகிற பிள்ளை என்றால்தான் இது வேண்டும். அங்கே சாமான் தூக்குகிறவரும் போகிறார், பழுது கண்டுபிடிக்கிறவரும் போகிறார். ஒரே விமானம், வேறு வேறு சம்பளம். கத்தாரின் கோபுரங்களில் ஏறி வேலை செய்யும் எங்கள் தம்பிமாருக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை, அவர்களே சொல்லட்டும்.

பவர் சப்ளை வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி மூன்றைத் தொடராகப் போட்டால் 27 வோல்ற்று. 9, 18, 27 என்று மூன்று படியில் ஏற்றிப் பார்க்கலாம். அந்தப் பற்றரியால் பெரிய மின்னோட்டம் கொடுக்க முடியாது என்பதே இங்கே ஒரு பாதுகாப்பு. மோட்டார் சைக்கிள் பற்றரி இரண்டைச் சேர்த்து 24 எடுக்கிறவர்கள் கட்டாயம் ஓர் உருகியைத் தொடராகப் போட வேண்டும். ஈயப் பற்றரி கேட்டதைக் கொடுக்கும், கேட்காததையும் கொடுக்கும்.

ஒன்றைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். சுருள் சோதனையில் சித்தியடைந்த ரிலேயின் தொடுகைகள் கறுத்திருக்கலாம். எங்கள் உப்புக்காற்றில் மூடியில்லாமல் கிடந்த திருகு முனைகள் சீக்கிரம் பூக்கும். இரு நிலையிலும் முனைக்கு முனை ஓம் மீற்றரால் பாருங்கள், ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும், பத்துத் தடவை மாற்றினாலும் பத்துத் தடவையும் வர வேண்டும். நுண்ணலையில் எவ்வளவு கசிகிறது என்பதை அது சொல்லாது, அதற்கு நனோ வீஎன்ஏ போன்ற கருவி வேண்டும். யாரிடமாவது இருந்தால் ஒரு சனிக்கிழமைக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள்.

பாடசாலை விட்ட பிறகு, அஸருக்கு முன், விஞ்ஞான அறை திறந்திருக்கும். ரிலே வைத்திருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். அளந்ததும் ஒரு துண்டு டேப்பில் தடை, இழுத்த மின்னோட்டம், விட்ட மின்னோட்டம், அன்றைய அறை வெப்பநிலை, திகதி எல்லாவற்றையும் எழுதி அதன் முதுகில் ஒட்டித்தான் திருப்பித் தருவோம். எழுதுவது பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள்.